சர் ரோலண்டு ஹில்லும் ஒட்டாத தபால் தலையும்

சென்ற கோடை விடுமுறையில், காட்டுப்பாக்கத்தில் எங்கள் இல்லத்துப் பரண்மேற் கிடந்த தகரப்பெட்டி யொன்றைத் துடைத்துத் திறந்தபோது, என் பாட்டனார் இளமையில் தபால் தலைகளைச் சேர்த்து ஒட்டிவைத்த ஏடு ஒன்று அகப்பட்டது. அதன் இறுதிப் பக்கத்தில், பெயர் எழுதப்படாத தலையொன்று தனித்திருந்தது. நிறம் இளஞ்சிவப்பு. நீள்வட்டத்தினுள் விக்டோரியா அரசியாரின் முகம், விரலால் தடவினால் தட்டுப்படும்படி வெண்மையாய்ப் புடைத்து நின்றது. சுற்றிலும் ஒரு பென்னி எனும் விலை ஆங்கிலத்தில் இருந்தது. நாட்டின் பெயர் இல்லை. பல்விளிம்பு இல்லை, பின்புறத்திற் பசையின் சுவடும் இல்லை. காகிதத்தினூடே மெல்லிய பட்டிழைகள் இரண்டு ஓடின. விடுதி நண்பர் ஒருவர் அதனைப் போலி என்றார். மற்றொருவர், பல்விளிம்பை யாரோ கத்தரித்துப் பாழாக்கிவிட்டனர் என்றார். தபால் தலைப் பட்டியல் நூலொன்றைப் பக்கம் பக்கமாய்ப் புரட்டியும் அதனை யான் கண்டிலேன்.

காணாமைக்குக் காரணம் எளிது. அது ஒட்டும் தலையே அன்று. தலை அச்சிடப்பெற்றே விற்பனைக்கு வந்த உறையொன்றினின்று வெட்டியெடுத்த துண்டு. ஒட்டும் தலைகளுக்கென வகுத்த பட்டியலில் அதற்கு இடம் ஏது? இவ்வுண்மையைத் தேடிச் சென்ற வழியிலேதான் சர் ரோலண்டு ஹில் அவர்களின் வரலாறு எனக்குக் கிட்டியது. தபால் தலையின் தந்தையென உலகம் அவரைப் போற்றும். எனினும் அவர் பெரிதும் நம்பியிருந்தது ஒட்டும் தலையை அன்று, எங்கள் பெட்டியிற் கிடந்த துண்டின் இனத்தையே என்பதைப் பலர் அறியார்.

ஹில், இங்கிலாந்தில் கிட்டர்மின்ஸ்டர் எனும் ஊரில் 1795ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர், பிள்ளைகள் பலர், பொருள் குறைவு. தபாற்காரர் வரும் வேளையில் கையிற் காசில்லையே என அன்னையார் அஞ்சிய நாட்கள் உண்டு. அக்காலத்தில் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே கூலி கொடுத்தல் வேண்டும். கூலியோ தூரத்திற்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்ப ஏறும். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்குச் சென்ற ஒற்றைத்தாள் கடிதத்திற்கு ஒரு ஷில்லிங்குக்கு மேலாயிற்று.

ஹில் இளமையிலேயே தந்தையின் பள்ளியில் ஆசிரியரானார். உடன்பிறந்தாருடன் அவர் நடத்திய ஹேசல்வுட் பள்ளியில் பிரம்படி இல்லை. தவறிழைத்த மாணாக்கனை மாணாக்கரே கூடி விசாரித்தனர். (நம் விடுதியில் இம்முறை வருமாயின் யான் நீதிபதியாக விரும்பேன்.) பின்னர்த் தென் ஆஸ்திரேலியக் குடியேற்ற ஆணையத்தின் காரியதரிசியாய் இருந்த காலத்தே தபாற் கணக்குகளை ஆராய்ந்து, 1837இல் தபால் சீர்திருத்தம் பற்றிய சிறுநூலை வெளியிட்டார். எடின்பரோவுக்குக் கடிதமொன்றைச் சுமந்து செல்ல உண்மையில் ஆகும் செலவு ஒரு பென்னியின் முப்பத்தாறில் ஒரு பங்கே என அவர் கணக்கிட்டுக் காட்டினார். பெருஞ்செலவு தூரத்தால் வருவதன்று. கடிதந்தோறும் கூலியைக் கணித்து, எழுதி, வீடு வீடாய்த் தண்டுவதால் வருவது. ஆதலின் தூரம் எதுவாயினும் அரை அவுன்சுக்கு ஒரு பென்னி எனவும், அதனை அனுப்புபவரே முன்னர்ச் செலுத்துக எனவும் கூறினார்.

ஏழைப் பெண்ணொருத்தி வெற்றுத்தாளை உட்கொண்ட கடிதத்தை வாங்க மறுத்த கதை ஹில்லின்மேல் ஏற்றிச் சொல்லப்படுகிறது. அது கவிஞர் கோல்ரிட்ஜுக்கு நேர்ந்த நிகழ்ச்சியென்பர். ஹில்லை அசைத்தது கதையன்று, கணக்கு.

முன்கூலி செலுத்தியதற்கு அடையாளம் வேண்டுமன்றோ? அதற்கு அவர் முதன்மையாகக் கருதியவை தலை அச்சிட்ட உறைகளும் தாள்களுமே. பின்புறம் பசை தடவிய சிறு காகிதத் துண்டு, அவற்றைப் பயன்படுத்த இயலாதார்க்கென இடையிற் சேர்த்த துணைவழி. 1840 ஜனவரி 10இல் ஒரு பென்னிக் கூலி நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மே 6 முதல் கறுப்புப் பென்னித் தலையும், ஓவியர் மல்ரெடி வரைந்த உறைகளும் ஒருங்கே வழங்கலாயின. அவ்வுறையில் பிரிட்டானியா தேவி நாற்றிசைக்கும் தூதரை விடுக்கின்றாள். கீழ்த்திசை மக்களைக் குறிக்க யானைகளும் ஒட்டகங்களும் உள. நாட்டார் கைகொட்டி நகைத்தனர். கேலிப்படங்கள் கடைதோறும் விலைபோயின. ஆறு நாட்களுக்குள்ளேயே ஹில் தம் தோல்வியை உணர்ந்து நாட்குறிப்பில் எழுதிவிட்டார். இடைச்செருகலாகிய ஒட்டுத் துண்டோ உலகையே வென்றது!

கணக்கிற் பிழையாத அறிஞர் மக்கள் விருப்பத்தை அளப்பதில் பிழைத்தார். ஆயினும் பிழையைப் பற்றிக்கொண்டு நின்றாரல்லர். 1841இலேயே மல்ரெடி ஓவியம் நீங்கி, வில்லியம் வையன் செதுக்கிய அரசியாரின் தலை புடைப்பாக அச்சிட்ட உறைகள் வந்தன: பென்னிக்கு இளஞ்சிவப்பு, இரண்டு பென்னிக்கு நீலம். போலியைத் தடுக்க டிக்கின்சன் என்பாரின் பட்டிழைக் காகிதம் வழங்கப்பட்டது. எங்கள் துண்டு இதுவே. 1847 முதல் ஷில்லிங் முதலிய உயர்விலைகளில் புடைப்புத் தலைகள் ஒட்டுவதற்கும் வந்தமையால் மயக்கம் நேரலாம். பென்னி விலையில் அத்தகைய ஒட்டும் தலை வெளிவந்ததில்லை. விளிம்பு கொண்டு முடிவு செய்தல் தகாது. 1854க்கு முற்பட்ட ஒட்டும் தலைகளுக்கும் பொதுவாகப் பல்விளிம்பு இல்லை.

1839இல் ஏறத்தாழ 7½ கோடியாய் இருந்த கடிதங்கள் மறு ஆண்டில் ஏறத்தாழ 17 கோடியாயின. வருவாயோ பெரிதும் குறைந்தது. பகைத்த அதிகாரிகள் மகிழ்ந்தனர். 1842இல் பீல் அமைச்சரவை ஹில்லைப் பணியினின்று நீக்கியது. மக்கள் மறக்கவில்லை, 1846இல் 13,000 பவுனுக்கு மேல் திரட்டி அவருக்கு அளித்தனர். அவ்வாண்டே அவர் மீண்டும் அழைக்கப்பெற்று, 1854 முதல் 1864 வரை தபால் இலாகாவின் காரியதரிசியாய் விளங்கினார். 1854 அக்டோபரில் இந்தியாவெங்கும் தூரம் கருதாத அரையணாக் கூலி ஏற்பட்டதும் அவர் கொள்கையின் வழியிலேதான். 1879 ஆகஸ்டு 27இல் அவர் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

அவர் மறைவதற்கு இரு திங்கள் முன்னர், ஜூலை முதல் நாளன்று, இந்தியாவிற் காலணாத் தபாலட்டை வெளிவந்தது. தலை ஒட்ட வேண்டாத காகிதம்! இங்கிலாந்தார் நகைத்த கருத்தை நம் ஊரார் இரு கையாலும் ஏற்றனர்.

பாட்டனாரின் பெட்டியடியில் அத்தகைய அட்டையொன்றும் இருந்தது. இளஞ்சிவப்புத் துண்டைப் பொருத்தமட்டில், அதைத் தாங்கிய உறை எவ்வூரினின்று எவர்க்குச் சென்றதென இனி அறிய வழியில்லை; கத்தரி அனைத்தையும் கொண்டுபோயிற்று. அட்டையிலோ தலையின் ஒரு பக்கம் மட்டும் விரலளவு வெட்டி, பின் ஏனோ நிறுத்தியிருக்கிறார். மறுபுறம் திருப்பினேன். மங்கிய மையில், பூவிருந்தவல்லிக்கு ஒருவர் எழுதியது: மகளுக்குப் பெண்மகவு பிறந்திருக்கிறது, இருவரும் நலம், உடனே வரவும்.