இரவு வானம் ஏன் முழு இருட்டாக இல்லை? கொன்னகரில் பிறந்த சிசிர் குமார் மித்ரா

சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் போனால், பெரும்பாலும் நீங்கள் பாலத்தைத் தாண்டி கொல்கத்தாவுக்குள் போய்விடுவீர்கள். ஒருமுறை அதே ஹவுரா ஸ்டேஷனில் பாண்டேல் லோக்கலைப் பிடியுங்கள். அரை மணி நேரத்துக்குள் கொன்னகர் வந்துவிடும். 1890 அக்டோபரில் சிசிர் குமார் மித்ரா பிறந்த ஊர் இது.

அப்பா பள்ளி ஆசிரியர். அம்மா மருத்துவம் படித்து, பாகல்பூரில் டாக்டராக வேலை பார்த்தார். அந்தக் காலத்தில், அதுவும் குழந்தைகளை வைத்துக்கொண்டு! கல்கத்தாவில் மித்ராவுக்கு வழிகாட்டியவர் நம்ம சி.வி. ராமன். பிறகு பாரிஸில் சார்ல்ஸ் ஃபாப்ரியிடம் செம்பு அணுக்கள் விடும் ஒளியை அளந்து, 1923-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் இயற்பியல். ஒரு நியான் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பாய்ந்ததும் அதிலுள்ள அணுக்கள் கூடுதல் ஆற்றலோடு கிளர்ந்து நிற்கும். அதை இறக்கிவைக்க இரண்டு வழி: ஒளியாக விடலாம், இல்லையென்றால் எதன் மீதாவது மோதிக் கைமாற்றிவிடலாம். எது முந்துகிறதோ அதுதான் நடக்கும். பெரும்பாலும் ஒளி முந்திவிடும். ஆனால் சில நிலைகள் சரியான சோம்பேறிகள். ஹீலியத்தின் ஒரு நிலை, தொந்தரவே இல்லாவிட்டால், 2 மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருக்கும். குழாய்க்குள் அது நடக்காது, அதற்குள் எதிலாவது மோதிவிடும்.

மேல் வானத்திலும் இதே போட்டிதான். ஆக்சிஜன் அணு சிவப்பு ஒளியை விட ஏறக்குறைய 2 நிமிடம் எடுக்கும். 100 கி.மீ. உயரத்தில் அவ்வளவு நேரம் மோதாமல் தப்ப முடியாது. அதனால் சிவப்பு 200 கி.மீ.க்கு மேலேதான் தெரியும். பச்சைக்கு ஒரு நொடிகூட வேண்டாம், அது 100 கி.மீ. சுமாரிலேயே வந்துவிடும். ஆக, நிறத்தைப் பார்த்தே காற்று எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

ராக்கெட் போகாத காலத்தில் இது பெரிய விஷயம். மித்ராவின் குழு 1930-களில் கல்கத்தாவிலிருந்தே ரேடியோ அலைகளை வைத்து மேல் வளிமண்டலத்தை ஆராய்ந்தது. ரேடியோ, இரவொளி, மோதல் என்று அதுவரை தெரிந்ததையெல்லாம் சேர்த்து அவர் எழுதிய 'தி அப்பர் அட்மாஸ்ஃபியர்' புத்தகத்தை 1947-ல் ஏசியாடிக் சொசைட்டி வெளியிட்டது. 1952-ல் இரண்டாம் பதிப்பு, பிறகு ரஷ்ய மொழிபெயர்ப்பும் வந்தன.

அவர் சறுக்கிய இடமும் உண்டு. எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். நைட்ரஜன் குழாயில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மஞ்சள் ஒளி கொஞ்ச நேரம் நிற்கும். ஆற்றலைப் பிடித்துவைத்திருப்பது எது? மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகள் என்று 1945-ல் தனிப் புத்தகமே போட்டார் மித்ரா. கணக்கு தப்பாகிவிட்டது. பிரிந்துபோன அணுக்கள் மோதி மறுபடி சேரும்போது வரும் ஒளி அது.

1958-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1963 ஆகஸ்டில் இறந்தார். நிலவின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்கு மித்ரா என்று பெயர். நிலவைச் சுற்றி இருக்கும் துளி வாயுவில் ஹீலியமும் நியானும் உண்டு. அங்கே அணுவோடு அணு மோதுவது அபூர்வம்.