ஹகீம் இப்னு ஸீனாவின் இறுதி நோய்

புகாராவுக்கு அருகே அஃப்ஷனாவில் ஹிஜ்ரி 370-ல் (கி.பி. 980) பிறந்தவர் ஹகீம் இப்னு ஸீனா. மூலிகைகளின் குணங்களையும் நோய்களுக்கான சிகிச்சைகளையும் அல்கானூன் என்னும் 5 பாகக் கிரந்தத்தில் வகுத்துத் தந்தார்.

அத்தகையவரையே கூலன்ஜ் என்னும் குடல்வலி பீடித்தது. அமீரின் படையோடு செல்ல வேண்டியிருந்ததால் விரைவில் குணமடைய நாடி, ஒரே நாளில் 8 முறை ஆசனவழியே குடலுக்கு மருந்தேற்றிக் கொண்டார். குடல் புண்ணாயிற்று. வாயு நீங்க 2 தானக் எடை கரஃப்ஸ் விதை சேர்க்கச் சொன்னார். தவறியோ மனமறிந்தோ, மருத்துவர் 5 திர்ஹம் எடை சேர்த்துவிட்டார். 6 தானக் ஒரு திர்ஹம். ஆக, 15 மடங்கு! புண் மிகுந்தது.

இறுதியில் சிகிச்சையை விட்டு, தௌபாச் செய்து, பொருளை ஏழைகளுக்கு ஈந்து, அடிமைகளை உரிமை விட்டார் என்பர். ஹிஜ்ரி 428 ரமளானில் ஹமதானில் வஃபாத்தானார்.

மூலிகைதானே என்று அளவு மீறுவோர் இதனைச் சிந்திக்கட்டும்.