மேரி வர்கீஸ் அம்மையார்

போடிநாயக்கனூரில் வைகறைப் பொழுதில் ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து ஏலமலை ஏறும் தொழிலாளரை நாம் சிறுபருவந் தொட்டே கண்டு வருகிறோம். ஏலக்காய் செடியின் தூரடியிற் காய்ப்பது. பறிப்போர் நாள் முழுதும் குனிந்தும் குந்தியும் இருத்தல் வேண்டும். நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிப்போர் பாடு அதனினுங் கொடிது. நம் தெருவினர் ஒருவர் அத்தகைய மரமொன்றினின்று வீழ்ந்தார். உடனிருந்தோர் பதைத்து, கையுங் காலுமாய்ப் பற்றித் தூக்கிப் போர்வையிற் சுருட்டி மலையிறக்கினர். முதுகெலும்பு முறிந்தாரை வளையவிடாது பலகை மீது கிடத்தியே எடுத்தல் வேண்டுமென அவர்களுக்குச் சொன்னார் யாருமிலர். இரு கால்களும் உணர்வற்று அவர் திண்ணையிற் கிடந்த நாட்களிலேதான் இவ்வம்மையார் வரலாறு நம் கைக்குக் கிட்டிற்று.

மேரி வர்கீஸ் 1925-ஆம் ஆண்டு கொச்சியிற் பிறந்தவர். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அங்கேயே மருத்துவராயினார். 1954-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உடன் பணிபுரிவோருடன் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகஞ் சிதைந்தது, தண்டுவடம் ஊறுபட்டு இடுப்பிற்குக் கீழ் யாவும் செயலிழந்தன. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு.

கொல்லிமலையிற் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அக்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைச் சீர்செய்து வந்தார். அவ்வறுவையை அமர்ந்தபடியே செய்யலாமென அவர் வழி காட்ட, அம்மையார் சக்கர நாற்காலியிலிருந்தே கத்தியெடுத்தார். வலுவுள்ள தசையின் நாணை மாற்றி விரலோடு இணைப்பதே அம்முறை. ஆயினும் அறுவை பாதி வேலைதான். கட்டவிழ்த்த பின்னர், இடம் மாறிய தசைக்குப் புதுத் தொழில் கற்பிப்பது இயன்முறை மருத்துவமே. மேலும் அக்கைகள் நோவறியா. கருவியின் பிடி உறுத்தினும் பாத்திரஞ் சுடினும் உணராமையால் தொழில் செய்யுங்கால் புண்பட்டுத் தேய்ந்துபோம். ஆதலின் பிடிகளுக்குத் துணி சுற்றவும், வேலை முடிந்ததும் கைகளைக் கண்ணாற் பார்த்துச் சோதிக்கவும் அவர்களுக்குப் பழக்குதல் வேண்டும். நோவு ஒரு காவலன் என்பதை நாம் இதற்கு முன் எண்ணியதேயில்லை.

அம்மையார் தம் உடலிலும் அக்காவலனை இழந்தவரே. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிற் பயிற்சி பெற்றுத் தம்மைத் தாமே பேணக் கற்றார். பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்பாரின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். வேலூரில் 1963-இல் அத்துறைக்குத் தலைவரானார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. விருதினும் அந்நிலையமே நமக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது.

அறுந்த தண்டுவடம் மீளப் பொருந்துவதில்லை. ஆயின் நோயாளரைப் படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டினாற் படுக்கைப்புண்ணைத் தவிர்க்கலாம். நாற்காலியில் அமர்ந்திருப்பார் அடிக்கடி கைகளை ஊன்றித் தம் உடலை உயர்த்திக் கொள்ளல் வேண்டும். மூட்டுக்களை நாடோறும் நீட்டி மடக்காவிடின் அவை இறுகிவிடும். தோளும் கையும் உரம்பெற்றால் கட்டிலினின்று தாமே இறங்கலாம். அமர்ந்து செய்யும் தொழிலொன்றைக் கற்கலாம். இவற்றைச் சக்கர நாற்காலியில் வந்த மருத்துவரே சொல்லக் கேட்ட நோயாளர், தமக்கு இயலாதென்று மறுத்துரைத்தல் எளிதாயிருந்திராது. 1986-ஆம் ஆண்டு டிசம்பரில் அம்மையார் வேலூரில் காலமானார்.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது, இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டும் முறையையும் கால்களை நீட்டி மடக்கும் முறையையும் திண்ணைக்காரரின் மனைவியாருக்கு எடுத்துரைத்தோம். அவர் எல்லாவற்றையும் பொறுமையாய்க் கேட்டார். பின்னர், போடியிலிருந்து வேலூர் எவ்வளவு தூரமென்றும், படுத்தபடியே ரயிலிற் கொண்டு செல்ல விடுவார்களா என்றும் வினவினார்.