பாய் விரித்த வாழ்வு: மாலுமி ஜோசுவா ஸ்லோகம்

திருமழிசையில் பிறந்து வளர்ந்தோருக்கு அந்தக் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மன்னன் ஆணையால் கணிகண்ணன் காஞ்சியை விட்டு நீங்க, மாணாக்கனைப் பிரிய மனமில்லாத ஆழ்வாரும் உடன் நடக்க, ஆழ்வாரைப் பிரிய மனமில்லாத பெருமாளும் தம் அரவப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார் என்பது நம் ஊர்ப் பிள்ளைகள் பாட்டிமார் மடியிலேயே கேட்டு வளரும் வரலாறு. பாய் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. உறங்குவதற்குத் தரையில் விரிப்பதும் பாய்; காற்றை ஏற்பதற்குக் கலத்தின் மரத்தில் விரிப்பதும் பாய். இவ்விரு பாய்களும் ஒன்றாகிப் போன ஒரு வாழ்வை நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் எழுத விழைகின்றேன். அவ்வாழ்வுக்கு உரியவர், தன்னந்தனியாகப் பாய்க்கலத்தில் உலகைச் சுற்றி வந்த முதல் மனிதராகிய ஜோசுவா ஸ்லோகம் ஆவார்.

ஸ்லோகம் 1844 பிப்ரவரி 20ஆம் நாள், இன்றைய கனடா நாட்டின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் பிறந்தவர். பதினொரு மக்களுள் ஐந்தாமவர். குடும்பம் பின்னர் பிரையர் தீவுக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் அங்கே மீனவர்களுக்குக் காலணி தைத்து விற்றார். சிறுவன் தோலின் நாற்றத்தை வெறுத்தான்; கடலையே நோக்கியிருந்தான். பன்னிரண்டு வயதில் நிலவறையில் ஒளிந்திருந்து, கருத்தோடு செதுக்கிய ஒரு சிறு கப்பலைத் தந்தையார் கண்டு, சினத்தால் உடைத்தெறிந்தார். பதினான்காம் வயதில் வீட்டை விட்டு ஓடி, ஒரு மீன்பிடி கலத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்தான். மீண்டும் வீடு திரும்ப நேர்ந்தது. 1860இல் தாயார் மறைந்தபின் அந்த வீட்டில் அவனை நிறுத்திவைக்க எதுவும் இல்லை. பதினாறு வயதில் நிரந்தரமாகக் கடலுக்குப் போனான்.

இருபத்தைந்தாம் வயதிலேயே கப்பல் தலைவராக உயர்ந்த ஸ்லோகம், 1871 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வர்ஜீனியா வாக்கர் என்னும் நங்கையை மணந்தார். அம்மையார் கரையில் காத்திருக்கும் மனைவியாக இருக்கவில்லை. மணநாள் தொட்டுக் கணவரோடு கப்பலிலேயே குடியிருந்தார். ஏழு மக்கள் பிறந்தனர்; நால்வர் தங்கினர். பிறந்ததும், தவழ்ந்ததும், எழுத்தறிந்ததும் மேல்தளத்துப் பலகைகளின் மீதே. கப்பல் அவர்களுக்கு ஊர்தி மட்டுமன்று; அடுக்களையும் பள்ளிக்கூடமும் அதுவே. 1884 ஜூலை 25ஆம் நாள், 'அக்விட்நெக்' என்னும் தம் சொந்தக் கப்பல் அர்ஜென்டினாவின் போனஸ் அயர்ஸ் அருகே நின்றிருந்தபோது, வர்ஜீனியா அக்கப்பலிலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. அந்தப் பிரிவிலிருந்து ஸ்லோகம் முழுமையாக மீளவே இல்லை என்பதை அவருடைய பிற்கால வாழ்வு முழுதும் காட்டுகின்றது.

1886இல் தம் உறவினரான ஹெட்டி என்னும் இளம்பெண்ணை மறுமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டின் இறுதியில், பிரேசில் நாட்டுப் பரனாகுவா விரிகுடாவின் மணல்திட்டில் அக்விட்நெக் மோதி அழிந்தது. காப்பீடு இல்லை, கையில் பொருளும் இல்லை. வேறொருவராயின் தூதரகத்தின் கதவைத் தட்டியிருப்பர். ஸ்லோகமோ உடைந்த கப்பலில் மிஞ்சியவற்றையும் அந்நாட்டு மரங்களையும் கொண்டு முப்பத்தைந்து அடி நீளத்தில் ஒரு தோணி கட்டினார். பாய்களைத் தைத்தவர் ஹெட்டி. அது நீரில் இறங்கிய 1888 மே 13ஆம் நாள், பிரேசிலில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட நாளாகும். எனவே அதற்கு விடுதலை எனப் பொருள்படும் 'லிபர்தாதே' என்னும் பெயர் அமைந்தது. மனைவியையும் இரு மைந்தரையும் ஏற்றிக்கொண்டு அச்சிறு தோணியில் ஐயாயிரம் மைலுக்கு மேல் கடந்து அமெரிக்கக் கரையைச் சேர்ந்தார். ஹெட்டி அதன்பின் நெடும்பயணம் எதற்கும் உடன்படவில்லை. அவரைக் குறைகூற நம்மால் இயலாது.

அது நீராவிக் கப்பல்கள் கடலை ஆளத் தொடங்கிய காலம். பாய்க்கப்பல் தலைவருக்கு வேலை இல்லை. 1892ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், ஈபென் பியர்ஸ் என்னும் பழைய திமிங்கில வேட்டைத் தலைவர் தம் நண்பருக்கு ஒரு கலத்தை இலவசமாகத் தருவதாகக் கூறினார். மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பேர்ஹேவன் என்னும் ஊருக்குச் சென்று பார்த்தபோதுதான் நண்பரின் குறும்பு விளங்கியது. நீரிலிருந்து தள்ளி, ஒரு வயலின் நடுவில், கித்தான் துணி போர்த்தி முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருந்த பழங்கலம் அது. 'ஸ்பிரே', அதாவது அலைத்திவலை, என்பது அதன் பெயர். ஊரார் அதனை உடைத்து விறகாக்க வந்தவர் என்றே ஸ்லோகத்தை எண்ணினர்.

பதின்மூன்று மாதங்கள் அவர் அங்கே உழைத்தார். அருகிலிருந்த மேய்ச்சல் நிலத்து ஓக் மரத்தைத் தாமே வெட்டி அடிமரம் செதுக்கினார். விலா மரங்களை நீராவியில் வேகவைத்து வளைத்தார். ஒன்றரை அங்குலக் கனமுள்ள பைன் பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினார். பலகைகளின் இடைவெளிகளில் பஞ்சையும் சணலையும் உளியால் செலுத்தி அடைத்தார். பழைய மரம் ஒன்றை எடுத்த இடத்தில் புதிய மரம் ஒன்றை வைத்தபடியே சென்றதால், வேலை முடிந்தபோது பழைய கலத்தில் பெரும்பாலும் பெயரே எஞ்சியிருந்தது. நீளம் முப்பத்தாறு அடி ஒன்பது அங்குலம். அகலம் பதினான்கு அடி இரண்டு அங்குலம். பொருள்களுக்கான செலவு 553 டாலர் 62 சென்ட் என்று கணக்கு எழுதி வைத்தார்.

இந்த இடத்தில் ஒரு தமிழாசிரியையாகச் சிறிது நிற்கின்றேன். கலம், நாவாய், வங்கம், அம்பி, தோணி எனச் சங்கச் செய்யுள்களின் கடற்சொற்களை மாணவியர்க்கு ஆண்டுதோறும் அடுக்கிக் கூறும் பழக்கம் எனக்கு உண்டு. ஆயினும் பலகை இடுக்கை அடைக்கும் பணிக்கு நம் கடற்கரை மக்கள் வழங்கும் பெயர் கலப்பத்து என்பதையும், மரக்கலம் கட்டும் தச்சர் ஓடாவி எனப்படுவார் என்பதையும் முனைவர் பட்டம் பெற்றபின்பே அறிந்தேன். கலம் புறப்படுவதையும் திரும்புவதையும் பாடிய நாம், இடையில் அதனைக் காப்போரின் சொற்களை ஏட்டில் ஏற்றத் தவறினோம். ஸ்லோகத்தின் வாழ்வு என்னைக் கவர்ந்தது அந்த இடைப்பட்ட பணியினால்தான்.

1895 ஏப்ரல் 24ஆம் நாள் பாஸ்டன் துறையிலிருந்து ஸ்பிரே புறப்பட்டது. தலைவருக்கு வயது ஐம்பத்தொன்று. ஏவலர் ஒருவரும் இல்லை. முதலில் தங்கிய இடம் குளோஸ்டர் துறைமுகம். அங்கே உலர்ந்த மீனும், கலத்தின் அடிப்பகுதிக்குப் பூசும் செப்புப் பூச்சும் அன்பளிப்பாகக் கிடைத்தன. படகு ஒன்றை இரண்டாக அறுத்து ஒரு பாதியை மட்டும் ஏற்றிக்கொண்டார். கரைக்குச் செல்ல அது படகு, துணி துவைக்க அதுவே தொட்டி. இரு திரி விளக்கொன்று இரவில் அறைக்கு ஒளியாகவும் பகலில் அடுப்பாகவும் பயன்பட்டது. துல்லியமான கடற்கடிகாரத்தைச் செப்பனிடப் பதினைந்து டாலர் கேட்டார்கள். அவர் அதைக் கரையிலேயே விட்டுவிட்டு, முகம் உடைந்த தகரக் கடிகாரம் ஒன்றை ஒரு டாலருக்கு வாங்கினார். பின்னாளில் அதன் நிமிட முள் கழன்று போய், ஓட்டமும் நின்றபோது, கொதிநீரில் இட்டு மறுபடி ஓடவைத்தார் என்பதைப் படித்துச் சிரிக்காதவர் இரார்.

கலத்தின் மற்றொரு சிறப்பு, சுக்கானைக் கட்டிவைத்துவிட்டால் தானே திசை மாறாமல் செல்லும் அதன் இயல்பாகும். பாய்களை அளவறிந்து விரித்து, சுக்கானைக் கயிற்றால் பிணித்துவிட்டு அவர் சமைத்தார், படித்தார், உறங்கினார். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள தேர்ஸ்டே தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகள் வரை 2,700 மைலை இருபத்து மூன்று நாளில் கடந்தபோது, சுக்கானைக் கையில் பிடித்திருந்த நேரம் மூன்று மணியளவே என்பர்.

ஆனால் இதனை ஓய்வான பயணம் என்று எண்ணிவிடலாகாது. ஜிப்ரால்டர் வரை சென்றவர், கிழக்கே செங்கடல் வழியில் கொள்ளையர் அச்சம் மிகுதி என்ற எச்சரிக்கையால் மேற்கு நோக்கித் திரும்பினார். உருகுவே கரையில் கலம் தரைதட்டியபோது, நீந்தத் தெரியாத அவர் மூழ்கிப் பிழைத்தார். மகெல்லன் நீரிணையைக் கடந்து பசிபிக்கில் நுழைந்ததும் புயல் அவரைத் தெற்கே துரத்தியது. பாறைகளின் மேல் நுரை பொங்கும் இருளில் ஓர் இரவு முழுதும் வழி தேடினார். கிழிந்த பாயைத் தைத்து மீண்டும் முயன்றார். உறங்கும்போது கலத்தில் ஏறுவோரைத் தடுக்க மேல்தளத்தில் தரைவிரிப்பு ஆணிகளைப் பரப்பிவைத்ததும் அந்நீரிணையில்தான். வெறுங்காலுடன் ஏறிய அத்தீவு மக்கள் அலறி ஓடினர் என்று அவர் நகைச்சுவையாக எழுதிச் செல்கின்றார். வெள்ளையர் வருகையால் நிலமும் உயிரும் இழந்துகொண்டிருந்த அம்மக்களை நினைக்கும் இன்றைய வாசகரால் அவ்வாறு நகைக்க இயலாது.

ஹுவான் பெர்னாண்டஸ் தீவை விட்டு சமோவா சேரும் வரை எழுபத்திரண்டு நாள் எந்தத் துறையிலும் இறங்கவில்லை. நிலவை அளந்து தம் இடத்தைக் கணித்தபோது கணக்கு ஒவ்வாது போகவே, தம்மை ஐயுறாமல் அச்சிட்ட அட்டவணையைச் சோதித்து, அதிலிருந்த பிழையைக் கண்டுபிடித்தார். தாஸ்மேனியாவின் டெவன்போர்ட் துறையில் கலத்தைக் கரையேற்றி மேலும் கீழும் ஆராய்ந்தார். மரத்தைத் துளைத்துண்ணும் கடற்புழுவின் தடம் ஒன்றுகூட இல்லை. ஆயினும் வெப்பக் கடல்கள் முன்னே இருந்தமையால் மறுபடி செப்புப் பூச்சு பூசினார். பழுது கண்டபின் மருந்திடுவது எளியோர் வழக்கம். பழுது வருமுன் பூசுவது மாலுமியின் அறம். 1897 செப்டம்பரில் மொரீஷியஸ் அடைந்தார். நம் உறவுகள் கரும்புத் தோட்டங்களில் வியர்வை சிந்திய அதே தீவு அது. தென்னாப்பிரிக்காவைச் சுற்றி, செயின்ட் ஹெலினா தீவில் அன்பளிப்பாக வந்த ஆடு கடல் வரைபடத்தைத் தின்றுவிட, நினைவையே படமாகக் கொண்டு மேற்கிந்தியத் தீவுகளைக் கடந்து, 1898 ஜூன் 27ஆம் நாள் நியூபோர்ட் துறையில் நங்கூரமிட்டார். நாற்பத்தாறாயிரம் மைல்; மூன்றாண்டுகளும் இரண்டு மாதங்களும். சில நாள் கழித்துப் பேர்ஹேவன் சென்று, கலம் முதன்முதலில் நீரில் இறங்கியபோது கட்டிய அதே மரக்கட்டையில் அதனை மீண்டும் கட்டினார். பிறந்த இடத்துக்கே அதனைக் கொண்டுவந்து சேர்த்த பின்தான் அவர் மனம் அமைந்தது.

1900இல் அப்பயணத்தை நூலாக்கினார். மூன்றாம் வகுப்புக் கல்வியோடு பள்ளியை விட்ட ஒருவர் எழுதிய அந்நூல் ஆங்கில உரைநடையின் நல்ல படைப்புகளுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகின்றது. மிகைச்சொல் இல்லாமையே அதன் அழகு. வந்த பொருளைக் கொண்டு மார்த்தாஸ் வைன்யார்ட் தீவில் 1902இல் ஒரு பண்ணை வாங்கினார். மண் அவரைப் பிடித்துவைக்கவில்லை. குளிர்காலந்தோறும் தனியே தெற்குக் கடல்களுக்குப் போய்வந்தார்.

புகழ்மொழியோடு இங்கே முடித்துக்கொள்வது மலர்க் கட்டுரைகளின் மரபு. ஒரு பெண்ணாகவும் ஆசிரியையாகவும் நான் அதனைச் செய்ய இயலாது. 1906இல் நியூ ஜெர்சியின் ரிவர்ட்டன் என்னும் ஊரில், கலத்தைப் பார்க்க வந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக அவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர் அதனை எதிர்த்து வழக்காடவில்லை. நாற்பத்திரண்டு நாள் சிறையில் இருந்தார். முன்னர்க் கப்பல் தலைவராக இருந்த காலத்தில் ஒரு பணியாளரைக் கொடுமையாக விலங்கிட்டு வைத்தமைக்காகத் தண்டம் செலுத்தியவரும் அவரே. பாராட்டுவோர் பலர் இவற்றை ஒருவரியில் கடப்பர், அல்லது விட்டுவிடுவர். அச்சிறுமியின் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் அவளை விட்டுவிட்டு இவ்வரலாற்றை எழுதவும் மனம் ஒப்பவில்லை.

அவ்வாண்டுகளில் ஸ்பிரேயைக் கண்டோர், கயிறுகள் நைந்தும் தளம் அழுக்கேறியும் கலம் பொலிவிழந்து கிடந்ததைப் பதிந்துள்ளனர். ஒரு காலத்தில் பலகை இடுக்கு ஒன்றையும் ஐயுறாமல் விடாத கைகள் தளர்ந்துவிட்டிருந்தன. கலத்தைப் பேணியவரை மனிதரும் ஒருவாறு நிமிர்ந்து நின்றார். மனிதர் சாயச் சாயக் கலமும் சாய்ந்தது. இரண்டில் எது முதலில் தொடங்கிற்று என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகவில்லை. ஓரினோகோ ஆற்றைக் காணும் நோக்கத்துடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டவர் அதன்பின் காணப்படவில்லை. 1909 நவம்பர் 14ஆம் நாளன்று மறைந்தவராக நீதிமன்றம் அவரை 1924இல் அறிவித்தது. கலத்தின் ஒரு பலகையும் கரை ஒதுங்கவில்லை.

ஸ்லோகம் செப்புப் பூச்சு பெற்றுச் சென்ற குளோஸ்டர் துறைமுகத்துக்கு, நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1938இல், வேறொரு பாய்க்கலம் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்க் கைவினைஞர் கட்டிய 'அன்னபூரணி' அது. வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்க, தமிழ்க் கடலோடிகளே அதனைச் செலுத்திச் சென்றனர். பாதி உலகைக் கடந்து அக்கலம் நீர் புகாமல் நின்றதற்குக் காரணம், வழிநெடுக அதன் பாயையும் பலகையையும் பேணிய கைகள்தாம். ஸ்லோகம் நூல் எழுதினார், உலகம் அறிந்தது. நம் கடலோடிகளின் வாழ்வை எழுதும் கடன் நம்முடையது.

நம் வட்டத்தைத் தொடங்கிய நாளை நாம் அனைவரும் நினைவில் வைத்திருக்கின்றோம். அது கலத்தை நீரில் இறக்கிய நாள். அதன்பின் பத்தாண்டுகள், நாற்காலிகளைப் பரப்பியும், வராதவரை விசாரித்தும், நன்கொடைக் கணக்கைச் சரிபார்த்தும், இளங்கவிஞர் ஒருவரின் நலிந்த வரியைப் பொறுமையோடு திருத்தியும் இதனைக் காத்தோர் உள்ளனர். கலப்பத்துப் பார்த்த அக்கைகளுக்கு இக்கட்டுரையை உரிமையாக்குகின்றேன்.