ராணி மங்கம்மாளின் தர்மம்



மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரில் மங்கம்மாள் சத்திரம் இருப்பதை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். வெளியூர் உறவினருக்கு வழி சொல்லும்போது அதையே அடையாளமாகச் சொல்லியும் இருப்பீர்கள். அந்தப் பெயருக்கு உரியவள் ஏன் இத்தனை தர்மம் செய்தாள் என்று என்றாவது யோசித்ததுண்டா? பணம் படைத்தவர்கள் எதற்காகக் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி நம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. மங்கம்மாளின் வாழ்க்கையில் அதற்கு ஓரளவு விடை கிடைக்கும். இந்த வாரம் அவள் கதையைக் கேளுங்கள்.

மங்கம்மாள், திருமலை நாயக்கரின் பேரனான சொக்கநாத நாயக்கரின் மனைவி. 1682-ல் கணவர் இறந்தார். மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் பட்டத்துக்கு வந்து ஏழே ஆண்டுகளில், 1689-ல், பெரியம்மை கண்டு மாண்டார். அப்போது மருமகள் சின்ன முத்தம்மாள் கர்ப்பவதி. ஓர் ஆண் குழந்தையைப் பெற்றுவிட்டு அவளும் சில நாளில் கண் மூடினாள். கணவன், மகன், மருமகள் ஆகிய மூவரையும் பறிகொடுத்தவளின் மடியில் ஒரு பச்சைக் குழந்தை. தலைமேல் ஒரு ராஜ்யத்தின் சுமை. பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்குப் பட்டம் கட்டி, அவன் பெயரால் பாட்டியே ஆண்டாள். அரசன் மாண்டால் மனைவியர் உடன்கட்டை ஏறுவது வழக்கமாயிருந்த காலத்தில், ஏறாமல் நின்ற ஒரு விதவை திருச்சிராப்பள்ளியில் அமர்ந்து சுமார் பதினைந்து ஆண்டுகள் அரசு நடத்தினாள். டெல்லி பாதுஷாவுக்குத் திறை கட்டிச் சமாளித்தாள். திருவாங்கூரின் மேலும் தஞ்சாவூரின் மேலும் படை அனுப்பினாள்.

ஆனால் அந்தப் போர்களை இன்று யார் நினைக்கிறார்கள்? ஜனங்கள் மறக்காதது அவள் போட்ட சாலைகளைத்தான். மதுரையிலிருந்து தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் போகும் பழைய பாதைக்கு மங்கம்மாள் சாலை என்றே பெயர். சாலையின் இருமருங்கிலும் நிழல் மரங்கள். இடையிடையே கிணறு, தண்ணீர்ப் பந்தல், சத்திரம். பங்குனி, சித்திரை வெயிலில் நம் சீமையின் கரிசல் காட்டிலும் பொட்டலிலும் நடந்தவர்களுக்குத்தான் ஒரு மரத்தின் அருமை தெரியும். தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக வந்த ஏழை ஒருத்திக்கு அந்த நிழல் உயிர்ப்பிச்சையாக இருந்திருக்கும்.

இவ்வளவையும் அவள் ஏன் செய்தாள்? ஜனங்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. ஒருநாள் ஏதோ ஞாபகமாக இருந்த ராணி, இடது கையால் தாம்பூலத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாளாம். அது பெரிய தோஷம் என்று மனம் பதைத்து, அதற்குப் பரிகாரமாகவே சாலையும் சத்திரமும் அமைத்தாளாம். ஒரு வெற்றிலைக்கு இத்தனை பரிகாரமா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன் சற்றுப் பொறுங்கள். ஜனங்கள் சும்மா கதை கட்டுவதில்லை. பெரிய மனிதர் கொடுக்கும்போது அவர் நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. ராணியின் உறுத்தல் இன்னதென்று தெரியாததால் அதற்கு ஒரு வெற்றிலையைக் காரணம் காட்டினார்கள் போலும்.

வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். சாலை நன்றாயிருந்தால் வியாபாரம் பெருகும், சுங்கமும் பெருகும், படையும் விரைவாகப் போகும். தர்மவதி என்று பெயர் எடுத்தால், பெண் ஆள்வதா என்று முணுமுணுக்கும் வாய்கள் அடங்கும். பயம், துக்கம், புகழாசை, லாபம், இரக்கம் என எல்லாம் கலந்துதான் ஒரு கை கொடுக்கிறது. உங்கள் கையும் என் கையும் அப்படித்தான்.

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. அந்நாளில் ஒரு சத்திரத்துக்குத் தர்மம் எழுதிவைப்பதென்றால், சில கிராமங்களிலிருந்து அரசனுக்கு வரவேண்டிய மேல்வாரத்தை அதற்கு விட்டுக்கொடுப்பதாகும். அந்த நெல் யாருடைய நெல்? சேற்றில் இறங்கி உழுது, நட்டு, அறுத்த குடியானவனுடையது. வழிப்போக்கன் ராணியின் பெயரைச் சொல்லி உண்டான். சோறு போட்டவர்களில் பெயர் தெரியாத ஒரு குடியானவனும் இருந்தான்.

நம் திருச்சபையும் அவளுக்கு நன்றி பாராட்டக் காரணம் உண்டு. 1693 பிப்ரவரி 4-ந் தேதி, மறவர் சீமையில், சேதுபதியின் ஆக்கினைப்படி அர்ச். அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே காலத்தில் மங்கம்மாள் தன் ராஜ்யத்தில் குருக்களை வேதம் போதிக்க விட்டாள். சேதுபதியின் சிறையிலிருந்த மெல்லோ சுவாமியாரை விடுவிக்கச் செய்தாள். தான் வணங்கிய கோவில்களுக்குக் கொடுத்தவள், முஸ்லிம்களின் தர்காவுக்கும் மானியம் விட்டாள். தன்னைச் சேராதவர்களுக்கும் கொடுத்ததில் அவளுடைய மனவிசாலம் தெரிகிறது.

அவள் முடிவைப் பற்றி மதுரையில் வழங்கும் கதை மனத்தைக் கலக்குவது. பேரன் பெரியவனான பின் அவளைச் சிறைவைத்தார்களாம். கைக்கு எட்டாத தூரத்தில், கண்ணுக்குத் தெரியும்படி அன்னத்தை வைத்துப் பட்டினி போட்டே கொன்றார்களாம். சரித்திரம் எழுதியவர்கள் எல்லோரும் இதை ஒப்புவதில்லை. ஆனால் ஊருக்குச் சோறிட்டவள் சோறின்றி மாண்டாள் என்று சொல்லிச் சொல்லி ஜனங்கள் அவளுக்காக அழுதிருக்கிறார்கள். அந்தக் கண்ணீர் எந்தக் கல்வெட்டுக்கும் குறைந்ததல்ல.

வாசகர்களே, இதிலிருந்து நாம் என்ன கற்கிறோம்? மின்விசிறியிலும் பெஞ்சியிலும் உபயம் இன்னார் என்று எழுதியிருப்பதைப் பார்த்து நாம் பரிகசிக்கிறோம். பரிகசிக்க வேண்டாம். வியர்த்து வந்தவனுக்குக் காற்று வருகிறது. கொடுத்தவர் மனத்தைத் தோண்டிப் பார்ப்பது அவன் வேலையல்ல. ஆனால் கொடுக்கிறவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் உண்டு. நான் கொடுப்பது யாருடைய உழைப்பு? திருநாளுக்கு உபயம் எழுதும் நான், என்னிடம் வேலை செய்கிறவனுக்குரிய கூலியைச் சனிக்கிழமை மாலையே எண்ணிக் கொடுத்தேனா? கூலியை நிறுத்தி வைத்துக் கொடுக்கும் தர்மத்தால் அவனுடைய கடன் தீராது.

நம் நோக்கம் சுத்தமாகட்டும், பிறகு கொடுப்போம் என்று காத்திருக்கவும் வேண்டாம். காத்திருந்தால் சாலையில் ஒரு மரமும் முளைக்காது. இன்றே கொடுங்கள், கொடுக்கக் கொடுக்க நெஞ்சையும் சோதித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்தச் சத்திரத்தைக் கடக்கும்போது ராணியை நினையுங்கள். கூடவே அந்தக் குடியானவனையும் நினையுங்கள்.