கலைக்களஞ்சியம் கண்ட கவிஞர்

உக்கடத்திலிருந்து நகரைக் கடந்து மேட்டுப்பாளையம் சாலையில் வடக்கே சென்றால் பெரியநாயக்கன்பாளையம். அங்கே தி. சு. அவினாசிலிங்கம் நிறுவிய இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராயிருந்த கவிஞர் ஒருவரே பின்னர்த் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியரானார். அவர் ம. ப. பெரியசாமித் தூரன்.

ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிக்கு அருகில் மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்தார். தூரன் என்பது அவர்தம் குலப்பெயர்; அதையே புனைபெயராக்கிக்கொண்டார். சென்னையில் பயின்றபோது நண்பர்களுடன் ‘பித்தன்’ என்னும் இதழை நடத்தினார். 1931-இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டதும் பட்டத்தேர்வைப் புறக்கணித்தார்.

அந்நாளில் தமிழறிஞரிடையே எழுந்த வழக்கு ஒன்று உண்டு. புத்தறிவைச் சொல்லத் தமிழுக்குச் சொல் உண்டா என்பதே அது. கலைச்சொல் வகுக்க 1940-இல் சென்னை அரசு அமைத்த சீனிவாச சாஸ்திரி குழு வடசொற்பக்கம் சாய்கின்றது என்று கடும் எதிர்ப்பு மூண்டது. இருசாராரும் சொல்லைப் பற்றியே வழக்காடினர். சொல்லைத் தாங்கும் தொடரைப் பற்றி எண்ணியவர் சிலரே. மொழி என்பது சொற்குவியல் அன்று. ஒரு மக்கள் உலகைக் காணும் முறை. அம்முறைக்குள் வாராத அறிவு எத்துணைப் பெரிதாயினும் அம்மக்களின் பண்பாட்டுக்கு அயலதாகவே நிற்கும்.

அவினாசிலிங்கம் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கி, கலைக்களஞ்சியப் பணியைத் தூரனிடம் ஒப்படைத்தார். 1910-இல் வெளிவந்த ‘அபிதான சிந்தாமணி’ புராணத்தையும் இலக்கியத்தையும் தொகுத்த பெருநூல். தூரன் முன் நின்ற பணி வேறு: அணுவும் உயிரணுவும் வானியலும் தமிழ்த் தொடரில் விளங்க வேண்டும். பல துறை வல்லுநரிடம் கட்டுரை பெற்று, அவற்றின் நடையை ஒருமுகப்படுத்த வேண்டும். பொருந்திய தமிழ்ச்சொல் கிடைத்த இடத்தில் அதனை ஆள்வதும், கிடையாத இடத்தில் உலக வழக்கை ஒலிபெயர்த்துக்கொள்வதும் அத்தொகுதிகளின் போக்கு. தூய்மை நாடுவோர்க்கு இது குறையாகத் தோன்றலாம். ஆயினும் விளக்கம் தமிழில் அமைந்துவிட்டால் பெயர் பின்னர்த் திருந்தும். விளக்கமே இல்லாவிடத்துப் பெயர் மட்டும் தூயதாயிருந்து பயன் யாது? முதல் தொகுதி 1954-இலும் பத்தாம் தொகுதி 1968-இலும் வெளிவந்தன.

இத்தெளிவு அவருக்குக் கொங்குச் சிற்றூரிலிருந்தே வந்தது எனலாம். நாட்டுப்பாடல்களைத் திரட்டி ‘காற்றில் வந்த கவிதை’ தந்தவர் அவர். எழுத்தறியாதார் நாவில் நுண்பொருள் எளிய சொல்லில் நடமாடுவதை அறிந்தவர், உளவியல் நூலுக்கு ‘அடிமனம்’ என்று பெயரிட்டதில் வியப்பில்லை. அடி, மனம் இரண்டும் உழவர் வீட்டுச் சொற்கள். பழைய ‘சுதேசமித்திரன்’ இதழ்களில் புதைந்துகிடந்த பாரதியின் எழுத்துக்களைத் தேடி, ‘பாரதி தமிழ்’ என 1953-இல் அவர் வெளியிட்டதும் இங்கே நினையத்தக்கது.

இவ்வளவுக்கும் விலை ஒன்று இருந்தது. கவிதைக்குரிய நடுவயது முழுவதும் பிறர் கட்டுரைகளைத் திருத்துவதில் கழிந்தது. அவர்தம் கவிதைகளை இன்று எடுத்தோதுவார் அரியர். ‘கலைக்களஞ்சியத் தூரன்’ என்னும் பெயரே நிலைத்தது. இசைப்பாடல்கள் மட்டும் தப்பின. கச்சேரி மேடைகளில் அவை இன்றும் ஒலிக்கின்றன.

பத்தாம் தொகுதி வெளிவந்த 1968-இலேயே பத்மபூஷண் விருது பெற்றார். அதன்பின்னும் ஓயாது குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை மேற்கொண்டு, 1976-க்குள் அதனையும் பத்துத் தொகுதிகளாக முடித்தார். 1987 சனவரி 20-ஆம் நாள் மறைந்தார்.