மலையைக் கையளித்த தலைவர்

நியூசிலாந்தின் வட தீவின் நடுவில், தௌப்போ ஏரிக்குத் தெற்கே மூன்று எரிமலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. பனி மூடிய ருவாபேஹு 2,797 மீட்டர் உயரமுடையது. அதற்கு வடக்கே, மணலைக் குவித்து வைத்தாற்போன்ற கூம்பு வடிவில் ஙவுருஹோயே. அதனை ஒட்டி, பல வாய்கள் திறந்த பழைய மலையாகிய தொங்காரிரோ. ங என்னும் எழுத்தில் தொடங்கும் சொல் ஏதும் உண்டோ என்று அரிச்சுவடி வகுப்பில் வினவும் பிள்ளைகளுக்கு விடையாக இந்நாட்டில் ஒரு மலையே இருக்கிறது. மௌரி மொழியின் அவ்வொலியை எழுத ஆங்கிலத்திற்கு இரண்டெழுத்து வேண்டும். நமக்கு ஒன்றே போதும்.

இம்மலைகளைச் சூழ்ந்ததே தொங்காரிரோ தேசியப் பூங்கா. அது பூங்காவாக அமையக் காரணமானவர் ஙாத்தி தூஃபாரெதோவா என்னும் மௌரிக் குலத்தின் தலைவர் ஹொரோனுகு. தே ஹெயுஹெயு துகினோ என்பது அக்குலத் தலைவர்களின் வழிவழிப் பெயர். அப்பெயர் தாங்கியவருள் அவர் நான்காமவர்.

அவருடைய இயற்பெயர் பாத்தாதை. தந்தை மனானுயி, இரண்டாம் தே ஹெயுஹெயு, உயர்ந்த உடலும் அஞ்சா நெஞ்சும் கொண்டவர். 1840ஆம் ஆண்டு வைத்தாங்கி உடன்படிக்கையில் ஒப்பமிட மறுத்தவர். ஓர் அரசியின் கீழ்த் தம் குலம் அடங்கி நிற்பதை அவர் ஏற்கவில்லை. 1846ஆம் ஆண்டு மே மாதத்தில், ஏரியின் தென்மேற்குக் கரையிலிருந்த தே ராப்பா என்னும் அவருடைய ஊரின்மேல், வெந்நீராவியால் இளகிப்போன மலைச்சரிவு இரவோடிரவாக இறங்கியது. மனானுயியும் ஐம்பதுக்கு மேற்பட்ட ஊராரும் மண்ணுள் புதைந்தனர். அத்துயரின் நினைவாக மைந்தர் ஹொரோனுகு என்னும் பெயரை ஏற்றார். நிலம் சரிந்தது என்பதே அதன் பொருள். ஒரு பேரழிவைத் தம் பெயராகவே வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் அவர்.

தந்தையின் உடலைத் தொங்காரிரோவின் உச்சியில் அடக்கம் செய்யக் குலத்தார் எடுத்துச் சென்றனர். வழியில் மலை உறுமத் தொடங்கியது; சுமந்து சென்றோர் சரிவிலேயே உடலை வைத்துத் திரும்பினர். அதன்பின் அம்மலை அவர்களுக்கு இருமடங்கு புனிதமாயிற்று.

முன்னரே அது புனிதமலைதான். கடல் கடந்து வந்த முன்னோருள் ஙாத்தோரோயிரங்கி என்னும் குரு அம்மலையேறியபோது தென்றிசைக் குளிர்காற்றில் உறைந்து சாகும் நிலையடைந்தார் என்றும், தொலைவிலுள்ள தாயகத்துச் சகோதரியரை நோக்கி நெருப்பு வேண்டினார் என்றும், அந்நெருப்பு நிலத்தடியே ஓடிவந்து மலைவாயில் வெடித்து அவரைக் காத்தது என்றும் மௌரி மக்கள் கூறுவர். கடலிலுள்ள ஃபாக்காரி எரிமலைத் தீவு முதல் தொங்காரிரோ வரை வெந்நீரூற்றுகளும் எரிவாய்களும் ஒரு கோடாக அமைந்திருப்பது அந்நெருப்பு வந்த தடமாம். நிலநூலாரும் அதே கோட்டைத்தான் எரிமலை வலயமென்று வரைகின்றனர்.

மனானுயிக்குப் பின் அவருடைய தம்பி இவிக்காவு தலைமை ஏற்றார். 1862இல் அவர் மறைய, ஹொரோனுகு தலைவரானார். அது போர்க்காலம். வைக்காட்டோப் பகுதியில் குடியேற்ற அரசின் படைகளுக்கும் மௌரி அரசர் இயக்கத்தினருக்கும் போர் மூண்டபோது தூஃபாரெதோவா வீரர்கள் அரசர் இயக்கத்தின் பக்கம் நின்றனர். 1869இல் தே கூத்தி என்னும் கிளர்ச்சித் தலைவர் தௌப்போப் பகுதிக்கு வந்து சேர, ஹொரோனுகுவும் அவரோடு இணைய நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில், எரிமலைகளின் நிழலில் தே போரெரே என்னுமிடத்தில் கிளர்ச்சியாளர் தோல்வியுற்றனர். அம்மண்கோட்டையின் எச்சங்களை இன்றும் காணலாம். ஹொரோனுகு அரசிடம் சரணடைந்து, நேப்பியர்ப் பக்கம் சிறிது காலம் இருத்தப்பட்டு, பின் ஊர் திரும்பினார்.

துப்பாக்கி ஓய்ந்தது, சட்டம் வந்தது. எதிரியை எதிர்த்து நிற்கலாம். காகிதத்தை எதிர்த்து நிற்பது எவ்வாறு? 1860களில் இயற்றப்பட்ட சட்டங்களின்படி அமைந்த நில நீதிமன்றம், குலம் முழுவதற்கும் பொதுவாயிருந்த நிலத்தைத் தனியாட்களின் பெயர்களில் எழுதிக் கொடுத்தது. பெயர் எழுதப்பட்டவர் விற்கலாம். விற்கவேண்டிய கடனும் அவரைத் தேடி வரும். இவ்வாறே நாடெங்கும் மௌரி நிலங்கள் கைமாறின.

1886ஆம் ஆண்டு தௌப்போவில் நீதிமன்றம் கூடி அக்குலத்தின் நிலங்களை ஆராய்ந்தது. தே போரெரேயில் அரசுப் பக்கம் நின்று போரிட்ட வாங்கனுயித் தலைவர் தே கீப்பாவும் நிலத்தின்மேல் உரிமை கோரினார். மௌரி வழக்கில் ஒரு நிலத்தில் அணையாது எரியும் அடுப்பு நெருப்பே உரிமைக்குச் சான்று. தே கீப்பா தம் நெருப்பைப் பற்றிப் பேசியபோது, ஹொரோனுகு எழுந்து, புகைந்துகொண்டிருந்த எரிமலையைச் சுட்டிக்காட்டி, அதுவே தம் நெருப்பென்றார் எனக் குலத்தார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். இதனினும் வலிய சான்றை எந்த வழக்கறிஞர் கொண்டுவர முடியும்?

வழக்கில் மலைகள் நிலைத்தன. ஆயினும் அச்சம் தீரவில்லை. இன்றில்லாவிடினும் நாளை மலையுச்சியும் துண்டு துண்டாக அளக்கப்பட்டு, ஆட்டுப் பட்டிக்காரர் கைக்குப் போகக்கூடும். அவருடைய மருமகனும் பாராளுமன்ற உறுப்பினருமான லாரன்ஸ் கிரேஸ், மலைகளை அரசியின் பெயரோடு இணைத்து, எவரும் விற்கவோ வாங்கவோ முடியாத புனித நிலமாக்கிவிடலாம் என்று அறிவுரை கூறினாராம். 1887 செப்டம்பர் 23ஆம் நாள், தொங்காரிரோ, ஙவுருஹோயே சிகரங்களும் ருவாபேஹுவின் ஒரு பகுதியும் அடங்கிய 6,518 ஏக்கர் நிலத்தை விக்டோரியா அரசியிடம் ஹொரோனுகு கையளித்தார். தந்தை ஏற்க மறுத்த அதே அரசி! மனானுயியின் வழியை மைந்தர் கைவிட்டார் என்று சிலர் எண்ணலாம். தந்தை காக்க விரும்பியதைக் காக்க மைந்தருக்குக் கிடைத்த வழி அதுவே என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

அவர் வெறுங்கையோடு கொடுத்துவிட்டு விலகவில்லை. தமக்குப் பின் மகன் தூரெய்தி மலைகளின் காப்பாளருள் ஒருவராக இருக்கவேண்டுமென்றும், மலைச்சரிவிலிருக்கும் தந்தையின் எலும்புகளை எடுத்து அடக்கம் செய்ய அரசு உதவவேண்டுமென்றும் கேட்டார். மறு ஆண்டே, 1888இல், அவர் காலமானார். 1894இல் பூங்காச் சட்டம் நிறைவேறியது. தூரெய்தி காப்பாளருள் ஒருவரானார். நியூசிலாந்தின் முதல் தேசியப் பூங்கா அதுவே. மனானுயியின் எலும்புகள் மலையை விட்டு ஏரிக்கரைக்குத் திரும்ப 1910 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

பள்ளிப் பாடங்களில் இச்செய்தி நெடுங்காலம் கொடை என்றே எழுதப்பட்டது. மௌரி மொழியில் அதற்குத் துக்கு என்று பெயர். துக்கு என்பது கொடுத்தபின் உறவு அறுந்துபோகும் கொடையன்று. கொடுத்தவரும் பெற்றவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் பிணைப்பு. வைத்தாங்கித் தீர்ப்பாயம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, ஹொரோனுகு செய்தது அரசியோடு கூட்டாக மலைகளைக் காக்கும் அழைப்பே என்றும், அரசு அதனை வெறுங்கொடையாக எடுத்துக்கொண்டது உடன்படிக்கைக்கு மாறானது என்றும் முடிவு கூறியது. ஒரு சொல்லை மொழிபெயர்ப்பதில் எத்தனை ஏக்கர் அடங்கியிருக்கிறது என்பதை இருமொழியில் வளரும் நம் மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அன்று 6,518 ஏக்கராக இருந்த நிலம் பின்னர் விரிந்து ஏறத்தாழ 800 சதுரக் கிலோமீட்டர் ஆயிற்று. 1990இல் இயற்கைச் சிறப்புக்காகவும், 1993இல் பண்பாட்டுச் சிறப்புக்காகவும் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மலைக்கும் மக்களுக்கும் உள்ள பிணைப்பைப் போற்றும் பண்பாட்டு நிலத்தோற்றம் என்னும் புதிய பிரிவில் உலகிலேயே முதலில் இடம்பெற்றது இம்மலைகளே.

தொங்காரிரோவைக் குறுக்கே கடக்கும் நடைபாதை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமானது. மங்காதெபோப்போ பள்ளத்தாக்கில் தொடங்கி, பழைய எரிகுழம்பு உறைந்த கரும்பாறைகளினூடே ஏறி, தட்டையான தெற்கு எரிவாயைத் தாண்டி, 1,800 மீட்டருக்கு மேல் செவ்வாய் எனப்படும் சிவந்த எரிவாயின் விளிம்பை அடைகிறது. அங்கிருந்து காலடியில் சறுக்கும் சாம்பற் சரளையில் மரகத ஏரிகளுக்கு இறங்கவேண்டும். கனிமங்கள் கரைந்த அந்நீர் பச்சை நிறம் காட்டும். அப்பால் நீல ஏரி. பின்னர்க் கெத்தெதாகிச் சரிவு வழியே காட்டுக்குள் இறக்கம். அச்சரிவிலுள்ள வெந்நீரூற்றுகள் பூங்காவுக்குரியன அல்ல. அவற்றைக் குலத்தார் தம்மிடமே வைத்துக்கொண்டனர். 2012 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு தே மாரி எரிவாய் வெடித்துப் பாறைகளை வீசியதில் கெத்தெதாகிக் குடிலின் கூரை துளைபட்டது. குளிர்கால இரவானதால் அங்கு எவரும் இல்லை.

ஏரிநீரைத் தொடவேண்டாம் என்றும், ஙவுருஹோயேயின் உச்சிக்கு ஏறவேண்டாம் என்றும் ஙாத்தி தூஃபாரெதோவா மக்கள் நடப்போரிடம் கேட்டுக்கொள்கின்றனர். திரைப்படமொன்றில் அக்கூம்பு தீயமலையாகக் காட்டப்பட்ட பின் ஏறுவோர் தொகை பெருகியது. உச்சிக்கு வழிகாட்டிய குறிகளைப் பூங்காவினர் பின்னர் அகற்றிவிட்டனர். கடவைப் பாதை அதன் அடிவாரத்தைச் சுற்றி, ஹொரோனுகு சுட்டிக்காட்டிய நெருப்பை வலப்புறமாக விட்டு மேலே செல்கிறது.